58 சதவிகிதம் மிச்சம்! – யாருக்கு மிச்சம்?

அமெரிக்கத் தொழிலாளர் நஷ்டஈட்டில் மருத்துவ நிர்வாகக் கம்பெனிகளின் விளம்பரக் கணக்கைச் சோதிப்பது எப்படி? – ஓர் ஆய்வு

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

முன்னுரை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவை நண்பர்கள், "ஹைட்ராலிக் பிரஸ் பத்தி எழுதுடா, படமும் போடலாம்" என்றார்கள். நான் எழுத வந்திருப்பதும் ஒரு பிரஸ்ஸில் தொடங்கிய கதைதான். ஆனால் அந்த பிரஸ் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் இருக்கிறது. அதில் கை மாட்டிக்கொண்ட ஒரு தொழிலாளியின் மருத்துவ பில்கள் என் கை வழியாகப் போயின. அதுதான் எனக்கும் அந்த பிரஸ்ஸுக்கும் உள்ள சம்பந்தம்.

நான்காவது செமஸ்டர் முடிந்த லீவில், என் மாமா சொல்லிவிட்டுச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. அமெரிக்காவில் வேலையில் அடிபட்டவர்களின் மருத்துவ பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிபார்க்கும் ஆபீஸ் அது. நைட் ஷிஃப்ட். டாக்டர்கள் அனுப்பும் சி.எம்.எஸ். 1500 என்ற படிவத்தைப் பார்த்து, சிகிச்சையின் ஐந்து இலக்கக் குறியீடு, தேதி, கேட்ட தொகை ஆகியவற்றை டைப் செய்ய வேண்டும். எவ்வளவு கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். கேட்டதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் 'சேவிங்ஸ்' என்ற கட்டத்தில் தானாகப் போய் விழும்.

ஒருநாள் எங்கள் டீம் லீடர் அக்கா, "தம்பி, இந்த மூணு மாச சேவிங்ஸைக் கூட்டி, மொத்த பில் தொகையால வகுத்துக் குடு. கிளையன்ட் விளம்பரத்துக்குக் கேக்கறாங்க" என்றார். கூட்டினேன், வகுத்தேன். 58 சதவிகிதம் வந்தது. சில நாள் கழித்து விளம்பரத் தாளும் வந்தது. ஹெல்மெட் போட்ட ஒரு தொழிலாளி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல், 'உங்கள் மருத்துவச் செலவில் 58 சதவிகிதம் மிச்சம்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நான் போட்ட கணக்கு அமெரிக்காவில் அச்சாகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதுல இருந்துடா 58?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததன் சுருக்கம்தான் இக்கட்டுரை.

1. இழப்பீட்டுச் சட்டம் பிறந்த கதை

அந்தக் காலத்து அமெரிக்காவில் மெஷினில் கை போன தொழிலாளி, முதலாளி மீது கோர்ட்டில் வழக்குப் போட்டுத்தான் பணம் வாங்க வேண்டும். முதலாளியின் வக்கீலிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். 'உன் கவனக்குறைவு', 'உன்னோடு வேலை செய்தவன் தவறு', 'ஆபத்து என்று தெரிந்துதானே சேர்ந்தாய்?' இந்த மூன்றையும் தாண்டி ஜெயித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நியூயார்க் மாநிலம் 1910-ல் ஒரு நஷ்டஈட்டுச் சட்டம் போட்டது. அது செல்லாது என்று அம்மாநிலத்தின் உயர் கோர்ட் 1911 மார்ச் 24-ல் தீர்ப்பளித்தது. அடுத்த நாளே, மார்ச் 25-ல், அதே நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். அதே 1911-ல் விஸ்கான்சின் மாநிலம் போட்ட சட்டம் நிலைத்து நின்றது. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர, கடைசியாக 1948-ல் மிசிசிப்பி வந்து சேர்ந்தது. நம் நாட்டில் 1923-ல் இயற்றப்பட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே கொள்கையில் அமைந்ததுதான்.

கொள்கை என்ன? ஒரு கொடுக்கல் வாங்கல். தவறு யாருடையது என்று பார்க்காமல் தொழிலாளிக்கு நஷ்டஈடு கிடைக்கும். பதிலுக்கு அவர் முதலாளி மீது வழக்குப் போடும் உரிமையைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறார். சிகிச்சைச் செலவு முழுவதையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியோ முதலாளியோ ஏற்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பொதுவாகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஓர் உச்சவரம்புக்குள் கிடைக்கும். (டெக்சஸில் மட்டும் தனியார் முதலாளிகள் விரும்பினால் இத்திட்டத்தில் சேராமலும் இருக்கலாம்.)

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிகிச்சையை அனுபவிப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர். ஆகவே பணம் கட்டுபவருக்குச் செலவு பற்றிக் கவலை. சிகிச்சை பெறுபவருக்குக் கை பழையபடி மடங்குமா என்று கவலை. இரண்டும் நியாயமான கவலைகள்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

2. மேனேஜ்டு கேர் என்றால் என்ன?

1980-களில் அமெரிக்காவில் இந்த மருத்துவச் செலவு வேகமாக ஏறியது. கட்டுப்படுத்த வந்த ஏற்பாட்டுக்கு 'மேனேஜ்டு கேர்' என்று பெயர். அதாவது, சிகிச்சையை வெளியிலிருந்து ஒருவர் நிர்வகிப்பது. அதில் நான்கு வேலைகள் அடங்கும்.

ஒன்று, குறைந்த கட்டணத்துக்கு ஒப்புக்கொண்ட டாக்டர்களின் நெட்வொர்க். இரண்டு, கேட்ட சிகிச்சை தேவைதானா என்று பரிசீலித்து அனுமதிப்பது அல்லது மறுப்பது. மூன்று, பில்களைச் சரிபார்ப்பது (நான் செய்த வேலை). நான்கு, பெரிய காயம் பட்டவர்களுக்கு ஒரு நர்ஸை நியமித்து, டாக்டர், முதலாளி, தொழிலாளி மூவரையும் தொடர்பில் வைத்திருப்பது.

ஓரிகன் மாநிலம் 1990-ல் சட்டம் மாற்றி இத்தகைய நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது. புளோரிடா 1997 ஜனவரி முதல் இதைக் கட்டாயமாக்கிப் பார்த்தது, பிறகு 2001-ல் விருப்பம் போல என்று தளர்த்திவிட்டது. கலிபோர்னியாவில் 2004-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 2005 ஜனவரியிலிருந்து மருத்துவர் நெட்வொர்க்குகள் நடைமுறைக்கு வந்தன.

இந்தச் சேவையை விற்கப் பல கம்பெனிகள் உண்டு. வாங்குபவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பெரிய தொழிற்சாலைகளும். போட்டி இருக்கும் இடத்தில் விளம்பரமும் இருக்கும். இனி அந்த விளம்பர வாசகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிப்போம்.

3. விளம்பரமும் சோதனையும்

(அ) 'பில் தொகையில் பாதிக்கு மேல் மிச்சம்!'

வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறோம்? இரண்டு தாடையையும் மூடி, பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறோம். ஜீரோ எரர் பார்க்காமல் எடுத்த அளவை நம் ஒர்க்ஷாப் சார் ரெக்கார்டில் எழுதவே விடமாட்டார். சேமிப்புக் கணக்குக்கும் அதே விதிதான். எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்கள்?

பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் தொழிலாளர் நஷ்டஈட்டு மருத்துவத்துக்கு அரசே கட்டணப் பட்டியல் வைத்திருக்கிறது. டாக்டர் பில்லில் என்ன எழுதினாலும் பட்டியல் தொகைக்கு மேல் பொதுவாக வாங்க முடியாது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். டாக்டர் கேட்டது 200 டாலர். பட்டியல் அனுமதிப்பது 95 டாலர். நெட்வொர்க் ஒப்பந்தப்படி கொடுத்தது 90 டாலர்.

விளம்பரக் கணக்கு: 200-லிருந்து 90. மிச்சம் 110 டாலர், அதாவது 55 சதவிகிதம்.

உண்மைக் கணக்கு: 95-லிருந்து 90. மிச்சம் 5 டாலர், அதாவது சுமார் 5 சதவிகிதம்.

மீதி 105 டாலரை மிச்சம் பிடித்தது மாநில அரசின் பட்டியல். மாமாவிடம் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆடித் தள்ளுபடிடா இது! ஆனியில விலைச் சீட்ட மாத்தி ஒட்டினா ஆடியில பாதி விலை!" என்றார். டாக்டர்கள் இதற்காகவே விலையை ஏற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் யாருமே முழுதாகக் கொடுக்காத ஒரு தொகையிலிருந்து தள்ளுபடி கணக்கிடுவதில் இரண்டும் ஒன்றுதான்.

நியூ ஜெர்சி, மிசௌரி போன்ற சில மாநிலங்களில் இத்தகைய பட்டியல் கிடையாது. அங்கே நெட்வொர்க்கின் குறைப்பு உண்மையிலேயே பெரிதாக இருக்கலாம். ஆகவே முதல் கேள்வி: எந்த மாநிலம்? பட்டியலுக்குக் கீழே எவ்வளவு?

இன்னொரு ரகசியமும் உண்டு. பணம் வரத் தாமதமானால் டாக்டர் ஆபீஸிலிருந்து அதே பில்லை மறுபடி அனுப்புவார்கள். இரண்டாவது பில்லை 'ஏற்கெனவே வந்தது' என்று நிராகரிப்போம். அது சரியான வேலைதான். ஆனால் அந்த முழுத் தொகையும் சேவிங்ஸ் கட்டத்தில் விழுந்துவிடும். ஒரே இட்லிக்கு ஓட்டலில் தவறி இரண்டு பில் போட்டு, ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, '50 சதவிகிதம் மிச்சப்படுத்தினேன்' என்று சொல்வது போல.

(ஆ) 'சேமிப்பில் ஒரு பங்கு மட்டுமே எங்கள் கட்டணம்!'

கேட்க நியாயமாக இருக்கிறது. மிச்சம் பிடித்தால்தானே வாங்குகிறான்? ஆனால் மேலே சொன்ன உதாரணத்தையே எடுங்கள். ஒப்பந்தத்தில் 'சேமிப்பில் 25 சதவிகிதம்' என்று மட்டும் எழுதி, எதிலிருந்து சேமிப்பு என்பதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? 110 டாலரில் 25 சதவிகிதம் 27.50 டாலர். டாக்டருக்கு 90, கம்பெனிக்கு 27.50, மொத்தம் 117.50 டாலர். ஒன்றுமே செய்யாமல் பட்டியலைப் பார்த்துக் கொடுத்திருந்தால் 95 டாலரோடு முடிந்திருக்கும்!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஆகவே இரண்டாவது கேள்வி: உங்கள் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு?

(இ) 'ஒரு விசிட்டுக்கு 10 சதவிகிதம் குறைவு!'

செலவு என்பது விலை மட்டுமல்ல. விலையை எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஒரு விசிட்டுக்கு 100 டாலர் வீதம் 12 விசிட் என்றால் 1,200 டாலர். 90 டாலர் வீதம் 16 விசிட் என்றால் 1,440 டாலர். விலை 10 சதவிகிதம் இறங்கியது, செலவு 20 சதவிகிதம் ஏறியது. அதோடு அந்தத் தொழிலாளி வீட்டில் இருக்கும் நாட்களும் கூடினால் சம்பள நஷ்டஈடும் கூடும். மலிவான டாக்டரைவிட, சீக்கிரம் சரியாகக் குணப்படுத்தும் டாக்டர் மொத்தத்தில் மலிவாக இருப்பார். ஆகவே ஒரு விசிட்டுக்கு எவ்வளவு என்று கேட்பதில் பயனில்லை. ஒரு காயத்துக்கு, மருத்துவமும் சம்பளமும் சேர்ந்து, கடைசி வரை மொத்தம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

(ஈ) 'சராசரிச் செலவு பாதியாகக் குறைந்தது!'

வேலையில் படும் காயங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி, மருந்து போட்டு அனுப்பிவிடக் கூடிய சிறு காயங்கள். மீதியுள்ளவைதான் வேலைநாளைத் தின்பவை, பணத்தில் பெரும்பகுதியும் அவற்றில்தான் போகிறது. கணக்கு எளிதாக இருக்க ஒரு கற்பனைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். 75 சிறு காயம், தலைக்கு 400 டாலர். 25 பெரிய காயம், தலைக்கு 20,000 டாலர். மொத்தம் 5,30,000 டாலர், சராசரி 5,300 டாலர்.

அடுத்த ஆண்டு 'சின்னக் கீறலையும் பதிவு செய்' என்று உத்தரவு வந்து, சிறு காயங்கள் 175 ஆகின்றன. பெரிய காயம் அதே 25. மொத்தம் 5,70,000 டாலர். சராசரி 2,850 டாலர். சராசரி 46 சதவிகிதம் இறங்கிவிட்டது, மொத்தச் செலவோ 40,000 டாலர் ஏறியிருக்கிறது! சிறு காயத்தையும் பெரிய காயத்தையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் இந்த மாயம் நடக்காது.

வயது என்ற விஷயமும் இருக்கிறது. காயத்துக்கு வயதா என்று சிரிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு முன் பட்ட காயத்துக்கு இன்னும் பில் வந்துகொண்டே இருக்கும். ஒன்றரை வருடத்துக்கு முன் பட்டதற்கு அநேகமாக வந்து முடிந்திருக்கும். இந்த ஆண்டுக் காயங்களின் இன்றைய செலவைப் போன ஆண்டுக் காயங்களின் இன்றைய செலவோடு ஒப்பிட்டால், இந்த ஆண்டுதான் குறைவாகத் தெரியும். ஆறு மாதக் கன்றையும் இரண்டு வருட மாட்டையும் நிறுத்துப் பார்த்து 'தீவனம் மிச்சம்' என்று சொல்லலாமா? இரண்டையும் ஒரே வயதில் நிறுக்க வேண்டும்.

(உ) 'எங்கள் நர்ஸ் தலையிட்டதும் செலவு மடமடவென இறங்கியது!'

இது படிக்கும்போது எனக்கே நம்பிக்கை வந்தது. பிறகுதான் நம் வகுப்பு ஞாபகம் வந்தது. முதல் மாதத் தேர்வில் கடைசி 10 மார்க்காரர்களைப் பிடித்து ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள். அடுத்த தேர்வில் அவர்களின் சராசரி ஏறுகிறது. எல்லாம் ஸ்பெஷல் கிளாஸ் புண்ணியமா? அன்று காய்ச்சலில் எழுதியவன், தப்பான யூனிட்டைப் படித்துவிட்டு வந்தவன் எல்லாம் அந்தப் பத்தில் இருந்தார்கள். கிளாஸே வைக்காவிட்டாலும் அவர்கள் கொஞ்சம் ஏறித்தான் இருப்பார்கள். முதல் 10 ரேங்க்காரர்களைப் பாருங்கள், அவர்கள் சராசரி கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1886-ல், மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் குட்டையாகவும், மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் அவர்களைவிட உயரமாகவும் இருப்பதை அளந்து காட்டினார். உச்சியில் இருப்பதைப் பொறுக்கி எடுத்து மறுபடி அளந்தால் அது நடுவை நோக்கி நகர்ந்திருக்கும். செலவு உச்சத்தில் இருக்கும்போதுதானே நர்ஸை அனுப்புகிறார்கள்? ஆபரேஷன் முடிந்த பிறகு செலவு தானாகவே இறங்கும். நர்ஸ் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல நர்ஸ் ஒரு குடும்பத்தையே காப்பாற்றலாம். ஆனால் நிரூபிக்க வேண்டுமானால், அதே மாதிரிக் காயம் பட்டு, நர்ஸ் போகாத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

(ஊ) '18 நாளில் வேலைக்குத் திரும்புகிறார்கள்!'

பத்துப் பேருக்குக் காயம். எட்டுப் பேர் 10, 12, 14, 15, 18, 20, 25, 30 நாட்களில் திரும்பினார்கள். சராசரி 18 நாள். சரியான கணக்கு. ஆனால் மீதி இரண்டு பேர்? 180 நாள் ஆகியும் வீட்டில் இருக்கிறார்கள். திரும்பாததால் அவர்களைச் 'திரும்பியவர்கள்' பட்டியலில் சேர்க்கவில்லை! இன்றுவரை ஆன 180 நாளை அவர்களுக்குப் போட்டுப் பார்த்தாலே சராசரி 50 நாளைத் தாண்டும். யாரை விட்டுவிட்டுக் கூட்டினீர்கள் என்று கேட்காமல் எந்தச் சராசரியையும் நம்பக் கூடாது.

'திரும்புதல்' என்றால் என்ன என்பதும் கேள்வி. பழைய மெஷினுக்கா, கேட்டில் உட்காரும் இலகு வேலைக்கா? மூன்று மாதம் கழித்தும் வேலையில் இருந்தாரா, ஒரு வாரத்தில் வலி தாங்காமல் மறுபடி லீவு போட்டாரா?

(எ) 'எங்கள் நெட்வொர்க்கில் ஆயிரக்கணக்கான டாக்டர்கள்!'

குழந்தை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் அதில் எத்தனை பேர்? ஒரே டாக்டர் மூன்று கிளினிக்கில் உட்கார்ந்தால் மூன்று என்று எண்ணினார்களா? தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கை ஆபரேஷன் செய்யும் நிபுணர் எத்தனை பேர், அவரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? அடிபட்டவனுக்கு வேண்டியது ஒரே ஒரு டாக்டர். அவர் கிடைப்பாரா என்பதே கேள்வி.

(ஏ) 'அங்கீகாரம் பெற்ற நிறுவனம்!'

அமெரிக்காவில் 1990-ல் தொடங்கப்பட்ட யூராக் என்ற அமைப்பு இத்தகைய நிறுவனங்களைச் சோதித்துச் சான்று தருகிறது. அது மதிக்கத்தக்கதுதான். ஆனால் அது பெரும்பாலும் நடைமுறையைப் பற்றிய சான்று. மறுப்பதற்கு முன் தகுதியான டாக்டர் பார்த்தாரா, மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்பது போன்றவை. நம் ஊர் ஐ.எஸ்.ஓ. 9001 மாதிரி. சான்று மாட்டிய கம்பெனியில் ரிஜெக்ட் பீஸே வராது என்று யாராவது சொல்வார்களா?

4. ஒழுங்காகச் செய்த சோதனை ஒன்று

இத்தனை குறை சொல்கிறாயே, சரியாக அளக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். 1990-களின் நடுவில் வாஷிங்டன் மாநிலம் அதைச் செய்து காட்டியது. சில நிறுவனங்களின் தொழிலாளர்கள் மேனேஜ்டு கேர் திட்டத்தில் சிகிச்சை பெற்றார்கள். ஒப்பிடுவதற்கு, பழைய முறையிலேயே சிகிச்சை பெற்ற தொழிலாளர்கள் இன்னொரு கூட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். திட்டத்தை விற்றவர்கள் இதை மதிப்பிடவில்லை, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பணத்தை மட்டும் எண்ணாமல், தொழிலாளிகளையே கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது, சிகிச்சை திருப்தியா என்றும் கேட்டார்கள்.

1999-ல் வெளியான முடிவு இதுதான். மேனேஜ்டு கேர் கூட்டத்தில் ஒரு காயத்துக்கான மருத்துவச் செலவு சராசரியாக சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வேலையிழப்புச் செலவும் குறைவு. உடல் தேறியதில் இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிகிச்சையிலும், டாக்டரைச் சென்று பார்ப்பதிலும் திருப்தி குறைவு என்று மேனேஜ்டு கேர் தொழிலாளிகள் சொன்னார்கள்.

இந்த முடிவில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. அதனால்தான் எனக்கு இதில் நம்பிக்கை. விளம்பரத் தாளில் 'ஆனால்' என்ற வார்த்தையை நான் பார்த்ததே இல்லை.

5. அந்த பிரஸ் தொழிலாளி

இப்போது ஆரம்பத்தில் சொன்னவரிடம் வருகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. பவர் பிரஸ்ஸில் வலது கை மாட்டியவர் என்பது குறிப்பில் இருந்தது. ஆபரேஷன் ஆனபின் கைக்குப் பயிற்சி. பில்லில் 97110 என்ற குறியீடு வரிசையாக வரும். 15 நிமிட உடற்பயிற்சி சிகிச்சைக்கு அந்த எண். 12 அமர்வுகளுக்கு அனுமதி இருந்தது. அதற்குமேல் கேட்ட 8 அமர்வுகளுக்கு 'தேவை நிரூபிக்கப்படவில்லை' என்று மறுப்பு.

அந்த மறுப்பு சரியா, தவறா? எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. பரிசீலித்தவர் சொன்னது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அந்த 8 அமர்வின் தொகையும் சேவிங்ஸ் கட்டத்தில்தான் இருந்தது. அதற்கு மேல் வரியில் ஒரு டூப்ளிகேட் பில். கீழ் வரியில் பட்டியல் குறைத்த தொகை. மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே கட்டத்தில். தப்பாக வந்த பில்லைக் கிழித்ததும், ஒரு மனிதனின் விரல் மடங்குவதற்கான பயிற்சியை நிறுத்தியதும், கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். நான் கூட்டிய 58-ல் அந்த 8 அமர்வும் இருந்தது.

லேத்தில் மோதிரம் போட்டுக்கொண்டு நிற்காதே என்று நம் சார் எத்தனை முறை திட்டியிருக்கிறார்! விரலின் மதிப்பு நமக்குத் தெரியாததல்ல.

மறுநாள் டீம் லீடர் அக்காவிடம் போய், "அக்கா, இந்த 58 தப்புன்னு தோணுது" என்றேன். "கூட்டல் தப்பா?" என்று பதறினார். "கூட்டல் சரி அக்கா. கூட்டினதுதான் தப்பு" என்று சொல்லி, பிரஸ் தொழிலாளியின் பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, கேட்டதைக் கொடுக்கறதுதான் நம்ம வேலை" என்றார். நானும் சீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "பட்டியல் குறைச்சது தனி, நெட்வொர்க் குறைச்சது தனி, டூப்ளிகேட் தனி, தப்புக் குறியீடு தனி, மறுத்தது தனி. அஞ்சு காலமா பிரிச்சுக் குடு" என்றார். பிரித்தேன். 58-ல் பாதிக்கு மேல் பட்டியலின் வேலை. நெட்வொர்க் உண்மையாகக் குறைத்தது ஒற்றை இலக்கத்தில் நின்றது. அக்கா அந்தத் தாளை மேலே அனுப்பினார். அதற்கு என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது, அந்த வாரத்தோடு என் இரண்டு மாதமும் முடிந்துவிட்டது.

6. கையில் வைத்துக்கொள்ள ஏழு கேள்விகள்

1. மிச்சம் எதிலிருந்து? கேட்ட தொகையிலிருந்தா, சட்டப் பட்டியலிலிருந்தா?
2. உங்கள் கட்டணம் போக எவ்வளவு?
3. ஒரு விசிட்டுக்கா, ஒரு காயத்துக்கு மொத்தமாகவா?
4. சிறு காயம், பெரிய காயம் தனித்தனியா? ஒரே வயதில் ஒப்பிட்டதா?
5. யாரோடு ஒப்பிட்டீர்கள்? யாரை விட்டுவிட்டீர்கள்?
6. மறுத்த சிகிச்சை தனிக் கணக்கில் இருக்கிறதா? அவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?
7. அளந்தது யார்? விற்பவரா, வேறொருவரா?

முடிவுரை

நண்பர்களே! இது அமெரிக்காக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். நம்மில் சிலர் நாளை இதே போன்ற ஆபீஸ்களில் உட்கார்ந்து அவர்கள் கணக்கைக் கூட்டப் போகிறோம். சிலர் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் சேரப் போகிறோம். பெரும்பாலோர் மெஷின் பக்கத்தில் நிற்கப் போகிறோம். எங்கே இருந்தாலும் ஒருநாள் ஒரு சதவிகிதம் நம் மேஜைக்கு வரும். கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். மூடிய தாடையில் பூஜ்யம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மிச்சமான பணம் யார் பையிலிருந்து மிச்சமானது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

செலவைக் குறைப்பது பாவமல்ல. தேவையில்லாத ஆபரேஷனைத் தடுத்தவன் தொழிலாளிக்கும் நல்லதே செய்கிறான். ஆனால் அதைச் செய்தவனும், 8 அமர்வை மறுத்துவிட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டவனும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது. அவர்களைப் பிரித்துக் காட்ட டிப்ளமோ படிப்பே போதும். நான்கு கட்டம் கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த பிரஸ் தொழிலாளியின் விரல் இப்போது மடங்குகிறதா என்று எனக்குத் தெரியாது. மடங்கியிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.